சிலிகான் ஊசிக்குப் பிறகான சிகிச்சைகள்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

உதட்டையோ கன்னத்தையோ மார்பையோ பிட்டத்தையோ எடுப்பாக்க திரவ சிலிகான் ஏற்றிக்கொண்டவர்களில் பலருக்குத் தொல்லை உடனே வருவதில்லை. வருடங்கள் ஓடிய பிறகு ஓரிடம் சிவக்கும், கல்லாக இறுகும், தோல் கருத்துத் தடிக்கும். அந்த நேரத்தில் அவர்களிடம் விற்கப்படும் சிகிச்சைகளை இங்கே எடை போடுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஒரு சொட்டு விடாமல் எடுத்துத் தருகிறோம்" என்று சொல்லும் எந்தச் சேவையையும் வாங்காதீர்கள். நல்ல ஸ்கேன், ரத்தத்தில் கால்சியம் பரிசோதனை, திசு கல்ச்சர் (எடுத்த திசுவில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது), அழற்சியை அடக்கும் மருந்து, அதன் பிறகும் தேவைப்பட்டால் அளவான திறந்த அறுவை. இந்த வரிசையில் செலவழித்த பணம் வீண்போகாது.

முழுதாக எடுக்க ஏன் முடியாது என்பதற்குப் பதில் அந்தப் பொருளின் தன்மையிலேயே இருக்கிறது. பாலிடைமெத்தில்சிலோக்ஸேன் என்ற இந்த எண்ணெயை உடல் கரைக்காது, உறிஞ்சாது. அமெரிக்காவில் சிலிகான் 1000, அடாட்டோசில் 5000 என்ற இரண்டு திரவ சிலிகான்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் அது விழித்திரை விலகலுக்காகக் கண்ணுக்குள் செலுத்த மட்டும். முகத்தையோ உடலையோ வடிவமைக்க ஊசி சிலிகானுக்கு அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எந்த அனுமதியும் தரவில்லை; 2017 நவம்பரில் வெளிப்படையாக எச்சரிக்கையும் விட்டது. கண்ணுக்கான தூய பொருளைச் சில தோல் மருத்துவர்கள் முகத்தழும்புக்குப் பயன்படுத்துவது உண்டு. அவர்கள் ஒரு இடத்தில் வைப்பது 0.01 மி.லி. அளவிலான நுண்சொட்டு, அடுத்த முறைக்குக் குறைந்தது ஒரு மாத இடைவெளி. சிறு சொட்டைச் சுற்றி நார்த்திசு உறை கட்டி அதை அங்கேயே பிடித்துவைக்கும் என்பதுதான் அந்த முறையின் நம்பிக்கை. பிட்டத்துக்கு ஏற்றப்படுவதோ நூற்றுக்கணக்கான மி.லி., சில நேரம் லிட்டர் கணக்கு. பெரும்பாலும் தொழிற்சாலைத் தரம், வேறு எண்ணெய் கலந்தது, திறந்த பாத்திரத்திலிருந்து எடுத்தது. அந்த அளவை எந்த உறையும் கட்டிப்போடாது. கொழுப்புக் கதுப்புகளுக்கு இடையே ஊடுருவி, தசைக்குள் புகுந்து, தொடை வழியாகக் கணுக்கால் வரை இறங்கும். நிணநீர்க் கணுக்களிலும் சேரும். மணலில் கொட்டிய எண்ணெயை மணலோடு சேர்த்துத்தான் அள்ள முடியும். இங்கே மணல் என்பது உங்கள் கொழுப்பும் தசையும்.

மற்ற சிகிச்சைகளுக்குப் போகும் முன் அவசர நிலை பற்றி. ஊசி போட்ட சில நிமிடங்களிலிருந்து மூன்று நாட்களுக்குள் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், காய்ச்சல், குழப்பமான பேச்சு, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் அது சிலிகான் எம்பாலிசமாக இருக்கலாம். எண்ணெய் ரத்தக்குழாய்க்குள் போய் நுரையீரலை அடைக்கும் நிலை. அழகு நிலையத்தில் ஊசி போட்டவரிடம் திரும்பிப் போகக் கூடாது, 108-ஐ அழைத்து நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாசலிலேயே "சிலிகான் ஊசி போட்டது, இந்த இடத்தில், இத்தனை மணி நேரம் முன்னால்" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? மருத்துவர் ரத்தக்கட்டி என்று சந்தேகித்து சி.டி. ஆஞ்சியோ எடுப்பார், அதில் கட்டி எதுவும் தெரியாது, நிமோனியா என்று நினைக்க வாய்ப்பு அதிகம். சி.டி.யில் தெரிவது நுரையீரலின் ஓரங்களில் திட்டுத்திட்டான மங்கல்தான். எண்ணெயைக் கரைக்கும் மருந்து கிடையாது. ஆக்ஸிஜன், தேவைப்பட்டால் வென்டிலேட்டர், பல இடங்களில் ஸ்டீராய்டு. இவ்வளவுதான் கையில் இருப்பவை. மருத்துவ இதழ்களில் பதிவான நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இறந்திருக்கிறார். மூளையைப் பாதித்தவர்களின் நிலை இதைவிட மோசம். பழைய சிலிகான் உள்ள இடத்தை அழுத்தமாக மசாஜ் செய்வதும் அடிபடுவதும் இதைத் தூண்டலாம். "கட்டியை உருவிவிட்டால் இளகிவிடும்" என்று யார் சொன்னாலும் கையை வைக்க விடாதீர்கள்.

இனி சேவைகள். பணத்துக்கு அதிகம் மதிப்புத் தருவது அல்ட்ராசவுண்ட். காரணம், ஊசி போட்டவர்கள் பொருளின் பெயரை மறைத்தோ மாற்றியோ சொல்லியிருப்பார்கள். "ஹைலுரானிக் அமிலம் என்ற, கரைக்கக்கூடிய ஃபில்லர்தான், ஒன்றும் ஆகாது" என்று நம்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். தோல் அல்ட்ராசவுண்டில் பழகிய கண்ணுக்கு ஒவ்வொரு பொருளும் வேறு மாதிரி தெரியும். ஹைலுரானிக் அமிலம் கறுப்பான, ஓரம் தெளிவான சிறு குளங்களாகத் தெரியும். இன்னொரு ஃபில்லரான கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட் வெள்ளையாகத் தெரிந்து பின்னால் நிழல் விடும். திசுவில் சிதறிய சிலிகான் எண்ணெய் வெண்மூட்டமாக இருக்கும். அந்த மூட்டத்துக்குப் பின்னால் எதுவுமே தெரியாது. பனிப்புயல் போன்ற தோற்றம் என்று கதிரியக்க மருத்துவர்கள் குறிப்பிடுவது இதைத்தான். ஹைலுரானிக் அமிலம் என்று தெரிந்தால் ஹைலுரானிடேஸ் ஊசியில் கரைத்துவிடலாம், கதை முடிந்தது. சிலிகான் என்றால் அந்த ஊசி ஒரு துளியும் உதவாது. இந்த ஒரு ஸ்கேன் அடுத்த பல மாத அலைச்சலைத் தீர்மானிக்கிறது. முகத்துக்கு 15 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேலான லீனியர் ப்ரோப் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். வயிற்று ஸ்கேனுக்கான ப்ரோபை முகத்தில் வைத்து எடுத்த படத்துக்குக் கொடுக்கும் காசு தண்டம்.

பிட்டத்துக்கும் மார்புக்கும் எம்ஆர்ஐதான். "பிட்டம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அந்தப் பகுதியோடு நிறுத்திவிடுவார்கள். எண்ணெய் நகர்ந்திருக்கும் என்பதால், கீழ்முதுகிலிருந்து முழங்கால் வரை எடுக்கச் சொல்லிச் சீட்டில் எழுத வேண்டும். சிலிகானைத் தனியாக எடுத்துக்காட்டும் பட வரிசைகளும் (சீக்வென்ஸ்) வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். அறிக்கையில் மூன்று விஷயங்கள் இல்லையென்றால் திருப்பிக் கேளுங்கள்: பொருள் தோலிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, தசைக்குள் போயிருக்கிறதா, காலுக்கு இறங்கும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பிலிருந்து எவ்வளவு தூரம். அறுவை நிபுணருக்கு வேண்டியது இவைதான்.

அடுத்து, செலவு மிகக் குறைந்த, ஆனால் பெரும்பாலானோர் விட்டுவிடும் சோதனை: ரத்தத்தில் கால்சியம். சிலிகானைச் சுற்றி உருவாகும் அழற்சிக் கட்டியான கிரானுலோமாவில் உள்ள செல்கள் தாமாகவே வைட்டமின் டி-யை அதன் வீரியமான வடிவத்துக்கு மாற்றும். சிறுநீரகம் செய்யும் இந்த மாற்றத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. கிரானுலோமா செய்வதற்குக் கிடையாது. விளைவு, கால்சியம் ஏறும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், சோர்வு, சிறுநீரகக் கல், கடைசியில் சிறுநீரகச் செயலிழப்பு. ஆர்ஜென்டினா நடிகை சில்வினா லூனா 2023 ஆகஸ்டில் இறந்தது இந்த வழியில்தான் தொடங்கிய சிறுநீரகப் பாதிப்பால்; அவருக்கு ஏற்றப்பட்டது சிலிகான் அல்ல, பாலிமெத்தில்மெத்தக்ரிலேட் என்ற பிளாஸ்டிக் ஃபில்லர். பொருள் வேறானாலும் பாதை ஒன்றே. ஆல்புமின் குறைவாக இருந்தால் கால்சியம் பொய்யாகக் குறைந்து தெரியும்; ஆல்புமின் 4 கிராமுக்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் கால்சியத்தில் 0.8 மி.கி. கூட்டிப் பார்க்க வேண்டும் (எல்லாம் டெசிலிட்டர் கணக்கில்). கால்சியம் 10.5-ஐத் தாண்டினால் கிரியேட்டினின், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி-யின் இரண்டு வடிவங்கள் (25, வீரியமான 1,25) எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கிரானுலோமாதான் காரணம் என்றால் பாராதைராய்டு ஹார்மோன் தாழ்ந்திருக்கும், 1,25 வடிவம் உயர்ந்திருக்கும். பலர் 25 வடிவத்தை மட்டும் பார்த்து "நார்மல்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு இங்கே தனியாக ஒரு எச்சரிக்கை. கை கால் வலி என்றாலே வாரம் ஒன்று என 60,000 யூனிட் வைட்டமின் டி எழுதிக் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்குபவர்களும் உண்டு. உடலில் சிலிகான் உள்ளவர் கால்சியம் பார்க்காமல் இதைத் தொடவே கூடாது. கால்சியம் மாத்திரையும் அப்படியே. ரத்த அழுத்தத்துக்குத் தயசைடு வகை மாத்திரை எடுப்பவர்கள் அதை மாற்றச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதுவும் கால்சியத்தை ஏற்றும். ஏறிவிட்டால் மருத்துவமனையில் சலைன், பிறகு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. பொதுவாக ஸ்டீராய்டுக்கு இந்தக் கால்சியம் நன்றாகவே இறங்கும். நிறுத்தும்போது மீண்டும் ஏறுகிறதா என்று பார்ப்பதில்தான் அசிரத்தை நடக்கிறது.

சிவந்து வீங்கிய இடத்துக்கு என்ன செய்வது என்பதில் மிகப் பெரிய தவறு அவசரம். சிவப்பு, சூடு, வலி எல்லாம் கிரானுலோமாவிலும் வரும், தொற்றிலும் வரும். தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு ஊசி போட்டால் அது உள்ளுக்குள் பரவிவிடும். அதனால் முதலில் திசு எடுத்து அனுப்ப வேண்டும். மேலே வடியும் சீழைப் பஞ்சில் தொட்டு அனுப்புவது போதாது. சாதாரண கல்ச்சரோடு மைக்கோபாக்டீரியம் (காசநோய்க் கிருமியின் இனம்), பூஞ்சை கல்ச்சரும் சீட்டில் இருக்க வேண்டும். சுத்தமில்லாத ஊசிகளில் வரும் மைக்கோபாக்டீரியம் அப்ஸெஸ்ஸஸ் போன்ற கிருமிகளுக்கு சாதாரண ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். மைக்கோபாக்டீரியா கல்ச்சரை 6 முதல் 8 வாரம் வைத்திருப்பார்கள். மூன்று நாளில் "கிருமி இல்லை" என்று வந்த சீட்டை வைத்துத் தொற்று இல்லை என்று முடிவு செய்வது தவறு.

பயாப்ஸிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. "முன்பு சிலிகான் ஊசி போட்டவர்" என்று சீட்டில் எழுதாவிட்டால் நோய்க்குறியியல் நிபுணரால் பாதியைத்தான் படிக்க முடியும். ஆய்வகத்தில் திசுவைப் பதப்படுத்தும்போது எண்ணெய் கழுவப்பட்டுவிடும். நுண்ணோக்கியில் மிஞ்சுவது வட்ட வட்டமான வெற்று ஓட்டைகளும் அவற்றைச் சுற்றிய ராட்சத செல்களும். காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில் கிரானுலோமா என்ற சொல்லைப் பார்த்ததும் ஆறு மாதக் காசநோய் மருந்து தொடங்கிவிடும் ஆபத்து நிஜமானது. அந்த ஒரு வரி அதைத் தடுக்கும்.

தொற்று இல்லை என்று உறுதியான பிறகு, கட்டிக்குள் போடும் ஊசி நல்ல சேவை. குறிப்பாக முகத்திலும் உதட்டிலும். ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மட்டும் போடலாம், புற்றுநோய் மருந்தான 5-ஃப்ளூரோயூராசில் கலந்தும் போடலாம். தழும்புக்கும் கிரானுலோமாவுக்கும் பழக்கத்தில் உள்ள கலவை ஒன்று: 50 மி.கி./மி.லி. உள்ள 5-ஃப்ளூரோயூராசில் 0.9 மி.லி., அதோடு 40 மி.கி./மி.லி. உள்ள ட்ரையம்சினலோன் 0.1 மி.லி. அதாவது ஒரு மி.லி.யில் ஸ்டீராய்டு 4 மி.கி. மட்டும். ஸ்டீராய்டை இப்படிக் குறைப்பதற்குக் காரணம் உண்டு. அதிகமானால் கட்டியைச் சுற்றிய நல்ல திசு கரைந்து பள்ளம் விழும், நம்முடைய நிறத்தில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். ஊசி முனை கட்டியின் நடுவில் இருக்க வேண்டும். அழுத்தும்போது கை கஷ்டப்பட்டால் சரியான இடம். வழுக்கிக்கொண்டு போனால் பக்கத்துக் கொழுப்புக்குள் போகிறது என்று அர்த்தம். 3–4 வாரத்துக்கு ஒருமுறை, பல தடவை. ஒரே அமர்வில் சரியாகிவிடும் என்று தொகுப்புக் கட்டணம் வாங்கும் இடத்தைத் தவிர்க்கலாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு 5-ஃப்ளூரோயூராசில் கூடாது.

மாத்திரைகளில் மினோசைக்ளின் 100 மி.கி. தினம் இருமுறை, அல்லது டாக்ஸிசைக்ளின் அதே அளவு. இங்கே அவை கிருமிக்காக அல்ல, அழற்சியை அடக்க. அதனால் ஒரு வாரம் தின்றுவிட்டுப் பயனில்லை என்று விடக் கூடாது, பலன் தெரிய வாரங்கள் ஆகும். மினோசைக்ளின் நீண்ட நாள் எடுத்தால் தோலில் நீலச்சாம்பல் நிறம் படியலாம், தலைசுற்றல் வரலாம். டாக்ஸிசைக்ளினை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். பிரெட்னிசலோன் வேகமாக வீக்கத்தை இறக்கும், குறைக்கும்போது வீக்கம் திரும்பும். ஆகவே அதைப் பாலமாகப் பயன்படுத்துவது சரி, வீடாக்கிக்கொள்வது சரியல்ல. எதற்கும் அடங்காதவர்களுக்கு எட்டனர்செப்ட், அடலிமுமாப் போன்ற, நோயெதிர்ப்பை அடக்கும் ஊசிகள் உதவியதாகப் பதிவுகள் உண்டு. எல்லாம் சிறு எண்ணிக்கை. விலை அதிகம், உறங்கிக்கிடக்கும் காசநோயையும் ஹெபடைட்டிஸ் பி-யையும் எழுப்பிவிடும். இரண்டுக்கும் சோதிக்காமல் முதல் ஊசியைப் போட வருபவரிடம் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அறுவை பற்றிப் பேச வேண்டுமென்றால் கொலம்பியாவைப் பார்க்க வேண்டும். அங்கே இந்தப் பொருட்களை மொத்தமாக பயோபாலிமர் என்று அழைக்கிறார்கள். பக்கத்து வெனிசுவேலா 2012-இல் இவற்றைத் தடை செய்தது. கொலம்பியாவில் பாதிக்கப்பட்ட பெண்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2023-இல் 2316 எண்ணுள்ள சட்டம் வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் அதிகமான இடத்தில் "வெளியே எடுக்கும்" சேவைக்கும் பெரிய சந்தை உருவாகும். அந்தச் சந்தையில் இரண்டு பொருட்கள் எதிரெதிராக நிற்கின்றன: சிறு துளை வழியாக லேசர் அல்லது அல்ட்ராசவுண்ட் துணையுடன் உறிஞ்சுவது, திறந்து பார்த்து வெட்டி எடுப்பது.

துளை முறையின் கவர்ச்சி புரிகிறது: தழும்பு சிறியது, அன்றே வீடு திரும்பலாம். ஆனால் சிலிகான் தனியாகத் தேங்கியிருந்தால்தான் குழாயில் வரும். நார்த்திசுவில் ஊறிப்போனது வராது. குழாயில் வருவது பெரும்பாலும் சுற்றியுள்ள நல்ல கொழுப்புதான். லேசர் வெப்பம் தோலின் அடியைச் சுடலாம், அழற்சியைப் புதிதாகக் கிளறலாம், உறைக்குள் அடங்கியிருந்த எண்ணெயைச் சிதறடிக்கலாம். தெளிவான எண்ணெய்க் குளம் ஸ்கேனில் தெரியும் சிலருக்கு மட்டும் இதை யோசிக்கலாம்; மற்றவர்களுக்கு என் பரிந்துரை இல்லை.

திறந்த அறுவையில் நிபுணர் கண்ணால் பார்த்து, மஞ்சளாக, மணல்மணலாக, கத்திக்கு நெறுநெறுவென்று தட்டுப்படும் திசுவை வெட்டி எடுக்கிறார். பிட்டத்தில் பொதுவாக இரு பக்கமும் சேரும் நடுப்பகுதியின் மேலே கீறி, தோலையும் கொழுப்பையும் கதவு போலத் தூக்குவார்கள். பலன் நிஜமானது, வலியும் எரிச்சலும் பலருக்குக் குறைகிறது. விலையும் நிஜமானது: ரத்தப்போக்கு, நீர் கட்டுதல், தையல் பிரிதல், தோல் ஓரம் கருகுதல், உட்கார முடியாத வாரங்கள், வடிவம் குலைதல். தசைக்குள் ஊறியதை முழுக்க எடுக்கப் போனால் நடையே பாதிக்கும். நல்ல நிபுணர் அங்கே நிறுத்திக்கொள்வார், அதை முன்கூட்டியே சொல்லியும் விடுவார். உதட்டில் வேலை எளிது. ஈரமான உட்புறத்தில் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தால் தழும்பு வெளியே தெரியாது. கன்னத்தில் முகநரம்பின் கிளைகள் ஓடுவதால் மருந்தால் எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளுவது நல்லது.

தேதி குறிக்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை உண்டு. புகைப்பவர் 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். வெட்டிய திசு பயாப்ஸிக்கும் கல்ச்சருக்கும் போக வேண்டும், அந்தச் சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். காயத்து நீரை வெளியேற்ற வைக்கும் ட்ரெய்ன் குழாயில் 24 மணி நேரத்தில் வருவது 30 மி.லி.க்குக் கீழே போகும் வரை குழாயை எடுக்கக் கூடாது. அவசரப்பட்டு எடுத்தால் நீர் கட்டி, அது தொற்றி, மறுபடி மேசைக்குப் போக வேண்டி வரும். அதே அமர்வில் இம்ப்ளான்ட் வைத்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அழற்சியும் தொற்றும் அடங்கியது உறுதியாகக் குறைந்தது ஆறு மாதம் விட்ட பிறகு சொந்தக் கொழுப்பை வைத்து நிரப்புவது பற்றிப் பேசலாம். அறுவைக்கு முன்பு எடுத்த அதே முறையில் பின்னரும் எம்ஆர்ஐ எடுத்து, மிச்சம் எங்கே எவ்வளவு என்று எழுத்தில் தர ஒப்புக்கொள்பவரிடம் போங்கள்.

மருத்துவமனைக்கு வெளியே அன்றாடத்தில் கவனிக்க வேண்டியது பெரும்பாலும் வேறு காரணத்துக்காகப் போடும் ஊசிகளைத்தான். நம்மூரில் ஊசி என்றாலே இடுப்பில் போடுவது பழக்கம். பிட்டத்தில் சிலிகான் உள்ளவருக்கு அங்கே போட்டால் மருந்து தசைக்குப் போகாமல் எண்ணெய்த் திசுவில் தங்கிவிடும், கிருமிக்கும் வழி திறக்கும். பென்சிலின், ஹார்மோன், வலி ஊசி எதுவானாலும் தொடையின் வெளிப்புறத்திலோ தோளிலோ போடச் சொல்லுங்கள். அமெரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் திருநங்கையர் இந்தப் பாதிப்பை மிக அதிகம் சுமப்பவர்கள். ஹார்மோன் ஊசி தொடர்ந்து எடுப்பவர்களுக்கு இந்த இடமாற்றம் ஒவ்வொரு முறையும் பொருந்தும். மார்பில் ஏற்றியவர்களுக்கு மேமோகிராம் ஏறக்குறைய குருடு. அடர்ந்த வெள்ளைக்குள் புற்றுக்கட்டி ஒளிந்துகொள்ளும். அவர்களுக்கு கான்ட்ராஸ்டுடன் கூடிய எம்ஆர்ஐ வேண்டும். வேறு காரணத்துக்காக பெட்-சி.டி. எடுக்க நேர்ந்தால் கிரானுலோமாவும் நிணக்கணுக்களும் புற்றுநோய் போலவே ஒளிரும் என்பதால், ஊசி போட்ட இடமும் வருடமும் அந்தச் சீட்டிலும் எழுதப்பட வேண்டும்.